கடல் பார்க்கப் போன வண்டி

ஐயா,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்குகிறேன். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்க்கிறேன். கல்யாணம் வைத்திருக்கும் வீட்டில் அம்மாக்காரி இப்படித்தான் இருப்பாள் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பந்தல்காரர் வருவார், சமையல்காரர் வருவார், மழை வந்தால் கீற்றுக்கு மேல் தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீ எழுதியிருக்கிறாயே நான்கு வரி, அதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. கல்யாணம் முடிந்த கையோடு, ஒர்க்‌ஷாப் முதலாளியின் பழைய வேனைக் கேட்டு வாங்கி, உள்ளே மெத்தை போட்டு, கோமதியைக் கூட்டிக்கொண்டு கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போகப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் அப்பா நம்மைக் கூட்டிப்போனது போலவே போக வேண்டுமாம். அந்த நாட்களைப் போலச் சந்தோஷமான நாட்கள் உன் ஆயுசில் வேறு இல்லையாம். எந்தெந்த ஊர் வழியாகப் போனோம் என்று அப்பாவிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போய்விட்டு வரட்டுமே என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். உடனே வெளியே போய்விட்டார். வழியை நானே எழுதுகிறேன். ஆனால் வழியை மட்டும் எழுதினால் அது பாதிக் கடிதம்தான். அந்தப் பயணத்தில் உனக்குத் தெரிந்தது ஒரு பாதி. மறு பாதி நடந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய், அல்லது நண்டு துரத்திக்கொண்டிருந்தாய். ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் அந்த மறு பாதியும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் சந்தோஷத்தில் மண் போட இதை எழுதவில்லை. படித்து முடித்த பிறகும் அது உனக்குச் சந்தோஷமாகவே இருந்தால் எனக்கு அதைவிட நிம்மதி கிடையாது.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாய். உன் தங்கச்சி சுந்தரிக்கு மூன்று வயது. மழை வரிசையாகப் பொய்த்து, ஆமத்தூரில் நம் கரிசலில் போட்ட பருத்தி முழங்கால் உயரம்கூட வராமல் கருகிய காலம் அது. சொந்த நிலத்தில் பாடுபடும் சம்சாரியாகப் பிறந்துவிட்டு இன்னொருவரிடம் சம்பளத்துக்கு நிற்பதா என்று உன் தாத்தா முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார். அப்பா அதையும் தாங்கிக்கொண்டு சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போனார். போகும் முன் என்னிடம் கேட்டார். அந்தக் கம்பெனிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியாது. நான் சிவகாசியை ஒட்டி, பட்டாசு ஷெட்டுகளுக்கு நடுவே இருக்கும் நாரணாபுரத்தில் பிறந்தவள். உன் பெரியம்மா முகத்தின் ஒரு பக்கத்தை எப்போதும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருக்கிறாளே, ஏன் என்று நீ கேட்டபோது அடுப்பில் விழுந்துவிட்டாள் என்று சொல்லிவைத்தேன். அடுப்பில்லை. மருந்து கலக்கும் ஷெட்டில் பற்றிய தீ அது. அவளைக் கட்டிலோடு தூக்கி வந்தபோது வாசலில் நின்றிருந்தவள் நான். அதனால் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், வெடிமருந்தின் பக்கம் போகக்கூடாது என்று. வண்டி ஓட்டுவதுதான் என் வேலை, மருந்தில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை அவர் மீறவில்லை. கை வைக்கவில்லைதான்.

அந்த வண்டி உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்ட ஆம்புலன்ஸ் அது. மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தாலும் சாய்ந்த வெயில் விழும்போது பக்கவாட்டில் சிலுவை அடையாளம் மங்கலாகத் தெரியும். உங்கள் பள்ளிக்கூடம் மூடிய வாரம், அப்பா அந்த வண்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டிவிட்டு வாரும் என்று முதலாளி கொடுத்திருக்கிறார் என்றார். நம் பக்கத்து ஜனங்கள் நேர்த்திக்கடனுக்கு வெளியூர் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், இழவுக்குப் போவார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று யாரும் போனதில்லை. தாத்தா திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு உடனே ஆயிரம் பயம். வழியில் சக்கரம் கழன்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கடல் எப்படி இருக்குமோ. ஆனால் அத்தனை பயத்துக்கும் அடியில் ஓர் ஆசையும் இருந்தது. நானும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அந்த ஆசை, நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது. வண்டிக்குள் தரையை உயர்த்திப் பலகை அடித்து, அதன்மேல் மெத்தை விரித்திருந்தார். பலகைக்குக் கீழே என்ன என்று கேட்டேன். தீப்பெட்டி லேபிள் கட்டு, போகிற வழியில் ஓர் ஊரில் இறக்க வேண்டும் என்றார். முதலாளி சும்மா வண்டி கொடுப்பாரா, இவரும் ஒரு வேலையைச் சேர்த்துத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். லேபிளுக்கு என்ன வந்தது, காகிதம்தானே.

வழி இதுதான், குறித்துக்கொள். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், தூத்துக்குடி. தூத்துக்குடிக்கு வெளியே உப்பளத்தில் குவித்திருந்த உப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பருத்தியை யார் எடுத்துப் போட்டார்கள் என்று நீ கேட்டாய். கடலைப் பார்த்ததும் நீ கத்துவாய், ஓடுவாய் என்று நினைத்தேன். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு மெதுவாக, இதை யார் நிரப்பினார்கள் என்றாய். அங்கிருந்து தெற்கே, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, ஆறுமுகநேரி, திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம். ரோடு என்று சொன்னால் பாதி இடத்தில் அது ரோடு இல்லை, மணல்தான். பனைமரத்து நிழல் கிடைத்த இடமெல்லாம் அப்பா வண்டியை நிறுத்துவார். வண்டியின் கூரை மேல் கோணிச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். பீடி பிடிக்க வேண்டுமென்றால் ஒரு கூப்பிடு தூரம் நடந்து போய்ப் பிடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வருவார். அடிக்கடி குனிந்து பலகையைத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளைகளுக்குச் சூடு தாங்காது என்பார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஓர் அக்கறையை அவரிடம் நான் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது, அவர் அந்த நாட்களில் ஒரு நிமிஷம்கூட நிம்மதியாக இல்லை. அவருடைய பயத்தைத்தான் நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். பாசமும் அதில் இல்லாமல் இல்லை.

இனி நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதைக்கு வருகிறேன். அப்பா அடுப்பைத் தூக்கி எறிந்த கதை. நிச்சயதார்த்தத்தன்றுகூடக் கோமதி வீட்டாரிடம் அதைச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குலசேகரன்பட்டினம் தாண்டி ஓர் இடத்தில் அன்று வண்டியை நிறுத்தியிருந்தோம். எப்போதும் அடுப்பைக் கீழே மணலில் வைத்துத்தான் சமைப்பேன். அது அப்பாவின் கட்டளை. அன்று காற்று அப்படி வீசியது. மூன்று முறை பற்றவைத்தும் ஸ்டவ் அணைந்துவிட்டது. சுந்தரிக்கு உடம்பு கதகதவென்று இருந்தது, கஞ்சி வேண்டும் என்று சிணுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீர் எடுக்க ஊருக்குள் போயிருந்தார். நான் மெத்தையைச் சுருட்டித் தள்ளிவிட்டு, ஸ்டவ்வை வண்டிக்குள் பலகைமேல் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். நீலமாக நின்று எரிந்தது. இந்த யோசனை இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கதவைத் திறந்தார். தலையிலிருந்த குடம் கீழே விழுந்தது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி அவர் உள்ளே பாய்ந்து, எரிகிற ஸ்டவ்வை, கொதிக்கிற பாத்திரத்தோடு வெறுங்கையால் தூக்கி வெளியே எறிந்தார். அது மணலில் உருண்டு போய் அணைந்தது. கஞ்சி எங்கும் தெறித்தது. நீ கைதட்டிச் சிரித்தாய், இன்னொரு தடவை எறியச் சொன்னாய். அவருடைய உள்ளங்கையில் ரேகை அழிந்து வழுவழுவென்று இருக்கிறதே, அது அன்று வெந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், என் அக்காளைத் தூக்கி வந்தவர்களிடம். காற்று பலமாக இருக்கிறது, பலகை பற்றிக்கொள்ளும் என்று அவர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவர் கைக்கு எண்ணெய் தடவினேன்.

மறுநாள் காலையில் ஒரு கிணற்றடியில் உன்னைக் குளிப்பாட்டினேன். சட்டையைக் கழற்றி வெயிலில் நிறுத்தியதும் உன் முதுகு மின்னியது. மீன் செதில் ஒட்டியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். தேய்த்தேன், போகவில்லை. என் விரலில் ஒட்டிக்கொண்டு அதுவும் மின்னியது. வெள்ளிப் பொடி. வாணத்தில் வெள்ளை வெளிச்சம் வருவதற்காகச் சேர்ப்பது. என் அக்காள் வேலை முடிந்து வரும்போது அவள் கழுத்து மடிப்பிலும் காது ஓரத்திலும் இருக்கும், தாழம்பூ சூடியவள் மாதிரி மினுமினுப்பாள். எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன்னை ஈரத்தோடு நிறுத்திவிட்டு வண்டிக்குப் போனேன். கரண்டிக் காம்பைக் கொடுத்து ஓரப் பலகையை நெம்பினேன். வைக்கோலுக்கு நடுவே பெட்டி பெட்டியாக வாணம். ஒரு பெட்டியின் மூலை விரிசல் விட்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் நீ படுப்பாய்.

அப்பா எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று மறுபடியும் கேட்டேன். லேபிள் என்றார். "புள்ள முதுகுல வெள்ளி ஒட்டியிருக்குங்க" என்றேன். அவர் டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு, கடலோரத்தில் ஓர் ஊர்க் கோயில் திருநாளுக்கு வாண ஆர்டர் இருந்தது, கொண்டுபோய்க் கொடுப்பவர் வண்டியைப் பத்து நாள் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார், நான் போகிறேன் என்று முன்னால் போய் நின்றேன் என்று சொன்னார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ வர மாட்டே. நீ வராட்டி இதுக எப்பக் கடலப் பாக்கும்? நம்ம கையில வேற என்ன வண்டி இருக்கு?"

அவர் சொன்னது உண்மை. நான் வந்திருக்க மாட்டேன், உங்களையும் அனுப்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு உன் பெரியம்மாவின் முகம் மட்டும்தான் கண்ணில் இருந்தது. "மருந்துக்கு மேல எம்புள்ளைகளப் படுக்க வச்சிருக்கீக. இனி இந்த வண்டியில நா ஏற மாட்டேன்" என்றேன். அடுத்த ஊர்தான் இறக்க வேண்டிய ஊர், கொஞ்ச தூரம் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினார். நான் சுந்தரியை இடுப்பில் தூக்கினேன், உன் கையைப் பிடித்தேன். கடலோரமாக நடந்தே வந்துவிடுகிறோம், நீங்கள் லோடை இறக்கிவிட்டுக் கோயில் வாசலில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் வண்டியையும் விட்டுவிட்டு வர முடியாது, எங்களையும் விட்டுவிட்டுப் போக முடியாது. சிறிது நேரம் கழித்து எஞ்சின் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நடை உனக்கு ஒரு திருவிழா. சங்கு பொறுக்கினாய், நண்டு வளையில் குச்சியை விட்டாய், அலை வரும்போது ஓடி, போகும்போது துரத்தினாய். நான் ஆபத்தை விட்டு வந்துவிட்டோம் என்ற நினைப்பில் நடந்தேன். தீ மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஆபத்து. கரிசல்காட்டில் பிறந்து, நாரணாபுரத்துப் புகையில் வளர்ந்தவளுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? கிணறும் குடமும்தான் தெரியும். உச்சி வெயில் நேரத்தில் ஓர் ஆறு கடலில் வந்து சேரும் இடம் குறுக்கிட்டது. அக்கரையில் தென்னைமரங்களுக்கு மேலே கோயில் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும் போலிருந்தது, அடியில் மணல்கூடத் தெரிந்தது. சுந்தரியின் உடம்பு கொதித்தது, எனக்குச் சீக்கிரம் போக வேண்டும். உன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

பாதி தூரம் வந்ததும் காலுக்குக் கீழே மணல் நகர்ந்தது. யாரோ பாயை உருவுவது போல இருந்தது. கடலிலிருந்து ஒரு பெரிய அலை ஆற்றுக்குள் ஏறி வந்து என் இடுப்பில் மோதியது. ஒரு கையில் சுந்தரி, ஒரு கையில் நீ. நான் விழாமல் நின்றேன். அலை திரும்பியபோது என் ஒரு கை காலியாக இருந்தது. அதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. உன் தலை தெரிந்தது, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை. நான் கத்தினேனா என்றுகூட எனக்குத் தெரியாது. சுந்தரியைப் போட்டுவிட்டு வர முடியாது, அவளோடு வரவும் முடியாது. அப்பாவை அன்று காலையில் நான் நிறுத்தியிருந்த அதே இடத்தில் இப்போது நான் நின்றேன்.

அக்கரை மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சேலையை வரிந்து கட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்து தண்ணீரில் விழுந்தாள். சவேரியம்மாள் என்பது அவள் பெயர். உன்னை நேராகப் பிடிக்கப் போகாமல், சாய்ந்த வாக்கில் போய், நீ வந்து சேரும் இடத்தில் உன் தலைமுடியைப் பிடித்தாள். கரைக்கு இழுத்து வந்து, உன்னைத் தன் முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தாள். நீ தண்ணீரைக் கக்கிவிட்டு அழுத பிறகுதான் என்னைப் பார்த்தாள். "எந்த ஊரு தாயி நீ? காலையில கடலு வத்தம், இப்ப ஏத்தம். தண்ணிகிட்டக் கேட்டுட்டுல்ல எறங்கணும்" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய், உனக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்து, சுந்தரிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நீ கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக் கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டாய். அன்று நீ நீந்தினாய் என்று நீ சொல்வாய். இல்லை ஐயா. அன்று நீ நீந்தவில்லை.

அப்பா லோடை இறக்கிவிட்டு, கோயில் வாசலில் எங்களைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே, நீ வண்டியில் வந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது. அவர் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து, வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன்னைக் கூப்பிட்டு, உன் தலையை முகர்ந்து பார்த்தார். பிறகு சவேரியம்மாளின் வீட்டுக்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சி, இவனுக்கும் எனக்கும் நீச்சல் படிச்சுக் குடுங்க. படிக்காம இங்கன இருந்து வண்டி கெளம்பாது" என்றார்.

ஆகவே நாம் கன்னியாகுமரிக்குப் போகவே இல்லை. தாத்தாவிடம் சொல்வதற்காகப் போனோம் என்று அப்பா சொன்னார், நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். உன் ஞாபகத்தில் கன்னியாகுமரி என்று இருப்பதெல்லாம் அந்த மீனவர் குடியிருப்புதான். மிச்ச நாட்களை அங்கேயே கழித்தோம். தினம் காலையில், அலை இல்லாத உப்பங்கழியில், அந்த மனிதர் உன் வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து மிதக்கவிடுவார். நீ இரண்டே நாளில் தவளையாகிவிட்டாய். அப்பாவுக்குத்தான் வரவில்லை. மாடு குளிப்பாட்டும் ஊருணியில்கூட இடுப்புக்கு மேல் இறங்காத மனிதர் அவர். மார்பளவு தண்ணீரில் நின்று நடுங்குவார், உதடு வெளுத்துவிடும். கரையில் நிற்கும் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். ஆனாலும் மறுநாள் இறங்குவார். நான் கரையில் நின்று, உங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு தலை மறைந்தால் என் மூச்சு நின்றுவிடும். நீ உன் ஆயுசிலேயே சந்தோஷமான நாட்கள் என்று எழுதியிருக்கிறாயே, அவை இந்த நாட்கள்தான்.

திருநாளன்று பொழுது சாய்ந்ததும் கடற்கரையில் வாணம் விட்டார்கள். சுந்தரிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஊரே மேலே பார்த்துக்கொண்டு நின்றது. நீ சவேரியம்மாளின் தோளில் ஏறிக் கத்தினாய். நான் காதைப் பொத்திக்கொண்டு, வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தபோது அப்பா எனக்கு எதிரே நின்றிருந்தார். அவர் உயிரைக் கொடுத்துச் சுமந்து வந்த வாணம் அது. அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. முடியும் வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கம்பெனியில் வண்டி ஓட்டிய வருஷங்களில், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் என்ன லோடு, எந்த ஊர் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். சொன்னதால் என் பயம் குறைந்துவிடவில்லை. சில நாள் அதிகமானது. ஆனால் என்னவென்று தெரிந்து பயப்படுவது வேறு, தெரியாமல் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கலங்குவது வேறு. இரண்டாவதில் மனிதர் கரைந்து போவார்கள். இன்றைக்கும் காட்டுக்கு வண்டி கட்டினால், நான் கேட்காமலே, "எருதான் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உனக்கு நான் சொல்ல நினைப்பதும் அவ்வளவுதான். கோமதிக்குப் பிடிக்காது என்று தெரிந்த ஒன்றை, அவளுடைய நன்மைக்காகவே அவளிடம் மறைக்க உனக்கு ஒருநாள் தோன்றும். உன் அப்பாவைவிட நல்ல மனசோடு யாரும் ஒன்றை மறைத்திருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன். வண்டியில் பிரேக் சரியில்லை என்றால் சொல். கையில் வேலை இல்லை என்றால் சொல். அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பதற்காகவே ஒன்றைச் சொல்லாமல் இருந்தால், அந்த வேண்டாம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நீ பறித்துக்கொண்டாய் என்று அர்த்தம். அதேபோல அவள் பயந்து ஒன்றைச் சொன்னால் சிரிக்காதே. அவள் கோபித்துக்கொண்டு இறங்கி நடந்தால் பின்னாலேயே போ. லோடு கிடக்கட்டும். நான் அன்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஆற்றில் இறங்கினேன். கோபத்தில் இருப்பவர்களுக்கு வழி தெரியாது.

கடைசியாக ஒன்று. நிச்சயதார்த்தத்தன்று சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கோமதி அடுக்களையில் எனக்கு வெற்றிலை கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக, உனக்கு எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்டேன். தூத்துக்குடியில் பிறந்த பெண் அவள். அவர்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடப் போனால் கடல்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு மலை பாக்கணும் அத்தை. ரயில்ல போகும்போது தூரத்துல பாத்திருக்கேன். கிட்டக்கப் போனதே இல்ல" என்றாள். உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். இந்தப் பயணத்தைப் பற்றி அவளிடம் கேட்டதாக அதில் எங்கும் இல்லை.

கேட்டுப் பார். நான் சொன்னதாகச் சொல்லாதே, அவளே சொல்லட்டும். மலைக்கு என்று முடிவானால் எனக்கு உடனே ஒரு வரி எழுது. அங்கே கொண்டை ஊசி வளைவு அதிகம், எதிரே லாரி வருவது கிட்டே வரும்வரை தெரியாது என்று சொல்கிறார்கள். ஹாரன் அடித்துக்கொண்டே போ. இறங்கும்போது அவசரப்படாதே. ஏறுவதற்கு முன் ஒரு கார்டு, இறங்கியதும் ஒரு கார்டு போட்டுவிடு. இரண்டாவது கார்டு வரும்வரை நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா